சிகாமட் அதிர்வுக்குப் பிறகு வீட்டுக் காப்புறுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

செம்மண் (சிகாமட்):
வணக்கம். 2025 ஆகஸ்டு 24 காலையில் இங்கே, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், 4.1 அளவில் நிலம் அதிர்ந்ததிலிருந்து தாமானில் (குடியிருப்பில்) பலரும் பாலிசியை எடுத்துப் புரட்டுகிறார்கள். முகவரைக் கேட்டால் "எல்லாம் கவர் ஆகும்" என்று ஒரே வரியில் முடிக்கிறார். ஜப்பான், நியூசிலாந்து போன்ற இடங்களில் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபின் காப்புறுதித் துறை என்னதான் கற்றுக்கொண்டது? அதில் எது நமக்குப் பொருந்தும்? இங்கே பெரும்பாலும் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வெளியேறி வங்கிக் கடனில் வாங்கிய டெரஸ் வீடுகள்; பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டியவர்களே அதிகம்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. ஒவ்வொரு பேரிடரும் இந்தத் துறைக்குக் காட்டிக்கொடுத்தது, அதுவரை கணக்கில் வராத ஒன்றைத்தான்.

1906 சான் பிரான்சிஸ்கோவில் அது நெருப்பு. நிலநடுக்கத்துக்குப் பின் மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. எது அதிர்வால் இடிந்தது, எது தீயால் அழிந்தது என்று பிரிக்க முடியாமல் வழக்குகள் குவிந்தன. இன்று கலிபோர்னியாவில் சட்டப்படி, சாதாரணத் தீக் காப்புறுதியே நிலநடுக்கத்தால் மூளும் தீயையும் ஏற்க வேண்டும். ஜப்பானில் நேர்மாறு, சாதாரணத் தீக் காப்புறுதியில் அந்தத் தீ விலக்கு. அங்கே 1964 நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பின், 1966இல் அரசின் மறுகாப்புறுதியோடு (நிறுவனங்களின் இழப்பில் ஒரு பங்கை அரசே தாங்கும் ஏற்பாடு) தனி வீட்டு நிலநடுக்கக் காப்புறுதியே கொண்டுவந்தார்கள்.

2011 மார்ச் 11 ஜப்பானின் தோஹோக்குவில் அது கடல். காப்புறுதி இழப்பை முன்கூட்டிக் கணக்கிடும் அன்றைய கணிப்பு மாதிரிகள் பெரும்பாலும் அதிர்வைத்தான் கணக்கிட்டன. சுனாமி ஓர் ஓரக் குறிப்பு. அந்தக் கடற்பகுதியில் 9 அளவுக்கு ஒரு நிலநடுக்கம் வரும் என்று அதிகாரபூர்வ அபாய வரைபடங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கி.பி. 869 ஜோகான் சுனாமி விட்டுப்போன மணற்படிவம் செண்டாய் சமவெளியில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. மண்ணில் சான்று இருந்தும் மாதிரிக்குள் ஏறாமல் போனதுதான் இதில் பெரிய வேதனை. பின்னர்தான் சுனாமியைத் தனியாகக் கணக்கிடும் மாதிரிகள் பரவலாயின.

இழப்பீடு கொடுப்பதில் ஒரு நல்ல பாடமும் அங்கே உண்டு. வான்படம், செயற்கைக்கோள் படம் பார்த்து, அடித்துச் செல்லப்பட்ட பகுதிகளை மொத்தமாக "முழு இழப்பு" என்று அறிவித்தார்கள். வீடு வீடாக ஆள் போகத் தேவையில்லாமல் பணம் சீக்கிரம் சேர்ந்தது. இழப்பீட்டுப் படிநிலையோ அப்போது மூன்றுதான்: காப்புறுதித் தொகையில் 100, 50, 5 விழுக்காடு. 50க்கும் 5க்கும் நடுவில் ஒரே பள்ளம். மயிரிழையில் கீழ்ப்படிக்கு இறங்கியவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. 2017 முதல் 100, 60, 30, 5 என்று நான்காக்கினார்கள்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். 2010 செப்டம்பரில் ஒன்று, 2011 பிப்ரவரியில் 185 பேரைப் பலிகொண்ட இன்னொன்று, பிறகும் தொடர் அதிர்வுகள். அரசின் நிலநடுக்க ஆணையத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் கிளேம். ஒரு வீட்டுக்கு அந்த ஆணையம் தரும் தொகையின் அப்போதைய வரம்பு 1 லட்சம் நியூசிலாந்து டாலர். ஒவ்வொரு நிகழ்வுக்கும் அந்த வரம்பு புதிதாகத் தொடங்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, எந்த விரிசல் எந்த நாளில் வந்தது என்று பிரித்தாக வேண்டும். வீட்டின் பழைய படங்கள் இல்லாததால் பல கிளேம்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஏஎம்ஐ என்ற காப்புறுதி நிறுவனத்தை அரசே கைகொடுத்துத் தாங்கவேண்டி வந்தது. அதுவரை வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுக்கொண்டு "முழுதாகக் கட்டித் தருவோம்" என்றிருந்த பாலிசிகள், அதன்பின் ஒரு குறிப்பிட்ட காப்புறுதித் தொகைக்கு மாறின. தொகை போதுமா என்று பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் வந்து விழுந்தது.

அளவுகோல்:
மேலே சொன்ன "எந்த விரிசல் எப்போது" என்பதுதான் நம் தாமான்களின் சிக்கலும். இழுத்துக் கட்டிய அடுப்படிக்கு மூல வீட்டைப் போன்ற அடித்தளம் பெரும்பாலும் இருக்காது. மண் இறங்க இறங்க, பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டு விரிசல் விழும். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும். அதை, சேதத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் மண் தாழ்வு என்றே எழுதுவார். மண் தாழ்வும் நிலச்சரிவும் வழக்கமான வீட்டுப் பாலிசியில் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். அதிர்வு விரிசல் வேறு மாதிரி: செங்கல் இணைப்பை ஒட்டிப் படிப்படியாகச் சாய்வாக ஓடும், சன்னல் மூலையில் தொடங்கும், இரு சாய்வும் வெட்டிக்கொண்டு பெருக்கல் குறிபோலத் தெரிந்தால் அதிர்வுதான் என்பதில் சந்தேகம் குறைவு.

இப்போதே செய்யக்கூடியது: எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுங்கள், விரிசல் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நாளாவட்டத்தில் மெல்ல வளர்ந்தால் மண்தான் காரணம். கூரைச் சட்டம், தண்ணீர்த் தொட்டியின் தாங்கி இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

செம்மண்:
நன்றி அண்ணே. வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசியே போதுமா? பலர் அதையேதான் நம்பியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் அது எந்தப் பாலிசி என்று பாருங்கள், தம்பி. கடன்காரர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் பாலிசி வேறு. அது சுவருக்கு ஒரு சென் தராது. அடிப்படைத் தீக் காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு அளவோடு நிற்கும். நிலநடுக்கத்தைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக் கட்டடத்துக்கான ஹவுஸ்ஓனர் பாலிசி என்றால் நிலநடுக்கமும் வெள்ளமும் பட்டியலிலேயே இருக்கும். வீட்டுச் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் தனி.

அடுத்து தொகை. கடன் தொகையையோ சந்தை விலையையோ பார்க்காதீர்கள். இடித்து அப்புறப்படுத்தி, மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. கட்ட 300,000 ரிங்கிட் ஆகும் வீட்டுக்கு 200,000 ரிங்கிட்டுக்கே பாலிசி இருந்தால், மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கே காப்புறுதி என்பதால் சேதத்திலும் அதே பங்குதான்: 60,000 ரிங்கிட் சேதத்துக்குக் கிடைப்பது 40,000 ரிங்கிட். நாம் சுமக்க வேண்டிய கழிவுத் தொகையும் அதில் கழியும். அடுப்படி நீட்டிப்பை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துத் தொகையில் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஆற்றங்கரை (சுங்கை பட்டாணி):
எங்கள் பக்கம் கோத்தா கோலமூடா 2004 சுனாமியில் அடிவாங்கிய இடம். கரையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள்: நிலநடுக்கப் பிரிவில், அதனால் கடல் பொங்கிப் புகுவதும் சேர்த்தி என்ற வாசகம் உண்டா? இருந்தால் அலை அடித்த வீட்டுக்கு எந்தப் பிரிவில் கிளேம் என்ற வாக்குவாதம் எழாது. வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

அளவுகோல்:
சேதம் வந்துவிட்டால்: உடனே எழுத்தில் தெரிவியுங்கள், அதிர்வின் தேதி, நேரத்துக்கு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பை இணையுங்கள். ஓட்டை மூட, தார்ப்பாய் கட்ட, முட்டுக் கொடுக்க அனுமதி தேவையில்லை, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் சுவரைப் பூசிவிடாதீர்கள். கட்டுமானக் குத்தகையாளரிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்காமல், மூல வீட்டுக்கும் அடுப்படிக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்குங்கள். அடுப்படியின் மண் தாழ்வைக் காட்டி முழுக் கிளேமையும் தள்ள வந்தால், மூல வீட்டுச் சேதத்துக்குத் தனிக் கணக்கு கையில் இருக்கும்.