பிளாசர்வில்லின் பழைய பெயர் ‘ஹேங்டவுன்’: எது நடந்தது, எது கதை?

கேள்வி: கலிபோர்னியா தங்க வேட்டை ஊரான பிளாசர்வில்லை முன்பு ‘ஹேங்டவுன்’, அதாவது தூக்கு ஊர் என்றுதான் அழைத்தார்கள். பிரதான வீதி ஓக் மரத்தில் வாரத்துக்கு ஒருவர் தொங்கினார், ‘ஹேங்டவுன் ஃப்ரை’ என்ற முட்டைப் பண்டம் தூக்குக் கைதி கேட்ட கடைசிச் சாப்பாடு என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா?

பதில் 1: வாரத்துக்கு ஒருவர் என்பது மிகை. பெயருக்குக் காரணம் 1849 ஜனவரியில் மூன்று பேரைச் சேர்த்துத் தூக்கிலிட்டது. அங்கே இருந்த லெப்டினன்ட் பஃபம் 1850-ல் அதை அச்சில் பதிந்தார். சூதாடி ஒருவரிடம் கொள்ளையடிக்க முயன்றதாக ஐவருக்கு ஆளுக்கு 39 கசையடி. அடித்து முடித்த பிறகு, அவர்களில் இரண்டு பிரெஞ்சுக்காரர், ஒரு சிலிக்காரர் ஆகிய மூவர்மீது புதுப் புகார்: ஸ்டானிஸ்லாஸ் ஆற்றோரம் கொள்ளை, கொலை முயற்சி. கவனியுங்கள், கொலை அல்ல, முயற்சிதான். எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தவர்களை வரவழைக்காமலே சுமார் 200 பேர் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். ஆங்கிலம் தெரியாத மூவரும் மொழிபெயர்க்க ஆள் கேட்டுக் கெஞ்சியது வீண். தடுத்துப் பேசிய பஃபமுக்கும் அதே கயிறு என்று மிரட்டல். மூவரையும் வண்டியில் நிற்கவைத்துக் கழுத்தில் கயிறு மாட்டி, வண்டியை இழுத்துவிட்டார்கள். நீதிமன்றமோ சிறையோ இல்லாத முகாமில் நடந்த கும்பல் கொலை இது. ‘எல்லைப்புற நீதி’ என்று மெருகேற்றிச் சொல்வது தவறு.

பதில் 2: அதற்கும் முந்தைய பெயர் ‘டிரை டிக்கின்ஸ்’, வறண்ட தோண்டிடம். தங்கம் இருந்த ஓடைகள் வெயில் காலத்தில் காய்ந்துவிடும். தோண்டிய மண்ணை நீர் இருக்கும் இடத்துக்குச் சுமந்துபோய் அலச வேண்டும். 1854-ல் நகராட்சி ஆனபோதுதான் இன்றைய பெயர். ‘பிளாசர்’ என்பது ஆற்று மணலிலும் சரளையிலும் படிந்த தங்கப் படிவு. ‘பிளேசர்’ என்று நீட்டி உச்சரிக்க வேண்டாம்.

பதில் 3: ஃப்ரையில் முட்டை, பன்றி இறைச்சி, சிப்பி மூன்றும் சேரும். அதற்கு இரண்டு கதைகள். தங்கம் கிடைத்த ஒருவன் எல்டொராடோ ஹோட்டலுக்குள் நுழைந்து, இருப்பதிலேயே விலை கூடியதைக் கேட்டான் என்பது ஒன்று. சாவைத் தள்ளிப்போட, கிடைக்கத் தாமதமாகும் பொருள்களாகப் பார்த்துக் கைதி கேட்டான் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: சிப்பி கடலோரத்திலிருந்து பனிக்கட்டியில் வர வேண்டும், முட்டை மலைப்பாதையில் உடையாமல் வர வேண்டும். கைதி கதை 1849 நிகழ்வோடு ஒட்டவே ஒட்டாது. பஃபம் கணக்குப்படி அந்த மூவருக்குக் கொடுத்த அவகாசம் 30 நிமிடம். ஹோட்டல் கதைக்காவது ஓர் இடம் உண்டு: 1856 தீயில் அது எரிந்தபின் அங்கே எழுந்ததுதான் கேரி ஹவுஸ் என்ற ஹோட்டல்.

மரம் போய்விட்டது. அடிக்கட்டை பிரதான வீதிக் கட்டடம் ஒன்றின் அடியில் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த இடம் மாநில வரலாற்றுச் சின்னம், எண் 141. நகரச் சின்னத்தில் இருந்த சுருக்குக் கயிற்றை எடுக்க நகர மன்றம் 2021 ஏப்ரலில்தான் முடிவெடுத்தது.