தம்பி நினைவாக ஓட்டம் நடத்தப் போகிறோம், ஆலோசனை வேண்டும்

கேள்வி: மன அழுத்தத்தோடு ரொம்ப நாள் போராடிய என் தம்பி போன வருடம் தற்கொலை செய்துகொண்டான். அவன் பெயரில் 5 கிலோமீட்டர் ஓட்டம் வைத்து, சேரும் பணத்தை மனநல உதவி எண் நடத்தும் அமைப்புக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். மேடையில் அவனைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

பதில்: எப்படி வாழ்ந்தான் என்று நிறையச் சொல்லுங்கள். எப்படி இறந்தான், எந்த இடத்தில், என்ன எழுதி வைத்தான் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் கூட்டத்தில் அதே எண்ணத்தோடு ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதும் இதைத்தான். ஒரே காரணத்தில் அடக்கியும் பேசாதீர்கள்.

பதில்: 2003 முதல் செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு தினம், அதையொட்டி வைக்கலாம். அவன் பிறந்தநாள் என்றாலும் சரிதான். ஓட முடியாதவர்கள் நடக்கட்டும். உதவி எண்ணை நெஞ்சில் குத்தும் நம்பர் தாளின் பின்பக்கம் அச்சடியுங்கள், வீட்டில் கழற்றும்போது தனியாகப் பார்ப்பார்கள்.

பதில்: நான் அக்காவை இழந்தவள். எல்லோரும் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள் என்பார்கள், நம் துக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் அன்றைக்குத் தண்ணீர், கணக்கு, பதிவு எல்லாவற்றையும் நண்பர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் ஓடுங்கள். அப்புறம், ஒரு மனநல ஆலோசகரையும் கட்டாயம் அங்கே உட்கார வையுங்கள்.