மறு: ‘சர்வைவல் ஹாரர்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பண்ணைக்காட்டு ஆசிரியை எழுதியது:

சொற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு அச்சகத்துக்குப் போகிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘ஃபேட்டல் ஃப்ரேம்’ என்ற ஜப்பானியப் பேய் விளையாட்டின் இரண்டாம் பாகம் தன்னை ஏன் இப்படி இழுக்கிறது என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். 2003இல் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுப் பெட்டிக்கு வந்தது. மாமா வீட்டில் அந்தப் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறதாம். திகிலுக்கு நடுவே உயிர் பிழைப்பதே ஆட்டமாக இருக்கும் இந்த விளையாட்டு வகைக்குக் கட்டுரை நெடுக ‘சர்வைவல் ஹாரர்’ என்றே வருகிறது. நான் ‘உயிர்வாழ்தல் திகில்’ என்று திருத்தினேன். “டீச்சர், உயிர் வாழ்றதே திகில்னு ஆயிடுதே” என்றாள். அவள் சொல்வது சரி. உதவுங்கள்.

கொடைக்கானலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள ஆசிரியைக்கு, ‘உய்வச்சம்’ என்று வையுங்கள். ‘உய்வுண்டாம்’, ‘உய்வில்லை’ என்று ஒரே குறளில் இருமுறை வரும் சொல் உய்வு, தப்பிப் பிழைத்தல். அதன் ஈற்று உகரம் குற்றியலுகரம் அன்று, எப்படிக் கெடும் என்று யாரேனும் கேட்பார்கள். ‘முற்றும் அற்று ஒரோவழி’, முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று நன்னூலார் வழிவிட்டிருக்கிறார். கதவு + அழகு கதவழகு ஆவது போல உய்வு + அச்சம் உய்வச்சம். அச்சத்துக்குத் தொல்காப்பியர் காட்டும் நான்கு நிலைக்களன்களில் முதலாவதே அணங்கு, அதாவது பேய் போல வருத்துபவை. அடுத்தது விலங்கு, பிறகு கள்வர், இறை. பேய் விளையாட்டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

மன்னவனூரிலிருந்து, படங்களுக்குத் தமிழ்த் துணையுரை எழுதுபவர்:

ஐயா மன்னிக்க வேண்டும். உய்வச்சம் என்ன தொகை? ‘உய்வுக்கு அஞ்சும் அச்சம்’ என்று விரித்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. திரையில் ஒரு வரி இரண்டு நொடிதான் நிற்கும். அந்த இரண்டு நொடியில் படிப்பவருக்குப் புரியாத சொல்லை நான் எழுதுவதில்லை. திகில் என்றால் பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். திகிலை விடாதீர்கள்.

கொடைக்கானல் பேராசிரியர்:

திகில் சங்க நூல்களில் இல்லை. கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு என்று இருக்கிறது. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? ‘பேநா முருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள’ என்பது தொல்காப்பிய உரியியல். பே, நாம், உரும் மூன்றுமே அச்சம். இளங்கோவடிகளின் ‘நாமநீர் வேலி’யில் இருப்பது அந்த நாம்தான். பே என்ற வேரிலிருந்தே பேய் பிறந்தது என்று நான் நெடுங்காலமாகக் கருதி வருகிறேன்: அச்சம்தான் முதலில், பேய் பிறகு. அப்படியானால் பேம் + ஆடல், ‘பேமாடல்’ என்றே சொல்லலாம்.

மன்னவனூர்:

கன்னடத்திலும் தெலுங்கிலும் இருந்தால் அது நம் குடும்பச் சொல்தானே ஐயா, எதற்குத் தள்ளிவைக்க வேண்டும்? ‘பேமாடல்’ என்று அச்சில் பார்த்தால் பிழை என்று நினைத்து அச்சகத்துக்காரர் ‘பேயாடல்’ என்று மாற்றிவிடுவார்.

பெருமாள்மலையிலிருந்து, கைப்பேசி பழுதுபார்ப்பவர்:

ஐயா, அக்கா, வணக்கம். நான் இந்த விளையாட்டை மூன்று முறை முடித்தவன். ‘சர்வைவல் ஹாரர்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரை 1996இல் கேப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டுக்காகப் பரப்பியது. அதில் தோட்டா குறைவு, மருந்து குறைவு. எதைச் சுடுவது, எதை விட்டு ஓடுவது என்று கணக்குப் போட வேண்டும். நம் மாணவி எழுதுவது வேறு மாதிரி. இதில் துப்பாக்கியே கிடையாது. கையில் ஒரு பழைய கேமரா, அதன் வழியே பார்த்துப் படம் எடுத்துத்தான் பேயை எதிர்க்க முடியும். பேய் எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ படத்துக்கு அவ்வளவு பலம். கை நீட்டி நம்மைத் தொடப்போகிற அந்த நொடியில் அழுத்தினால்தான் பெரிய அடி. விளையாட்டின் பெயரே அந்த நொடியின் பெயர்தான். நல்ல படச்சுருள் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். அதனால் பயந்தவன்தான் தோற்பான். கண்ணை மூடாமல், ஓடாமல், வரட்டும் என்று நிற்க வேண்டும்.

மழைக்காலத்தில் இரவு கடையை மூடிவிட்டு நடக்கும்போது பனிமூட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கும். பத்தடிக்கு வரும்வரை தெரியாது. ஓடினால் போச்சு. அதைப் பார்த்தபடியே நின்று, மெல்லப் பின்னால் போக வேண்டும். அந்த விளையாட்டு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. நீங்கள் தரும் சொல்லில் அந்த ‘நிற்பது’ இருக்க வேண்டும்.

தாண்டிக்குடியிலிருந்து, காப்பித் தோட்டக்காரர்:

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்குப் ‘பிழைத்தல்’ நினைவுக்கு வந்தது. பிழை என்றால் தவறு. பிழைத்தான் என்றால் உயிரோடு இருக்கிறான். எப்படி இரண்டும் ஒரே சொல்? ‘யானை பிழைத்த வேல்’ என்கிறார் வள்ளுவர், யானையைத் தவறவிட்ட வேல். வேலின் பிழை யானையின் பிழைப்பு. தப்பு என்பதும் அப்படியே: தப்பும் தவறு, தப்பித்தலும் அதே வேர். தமிழில் உயிரோடு இருப்பது என்றாலே நம்மேல் விழ வேண்டிய அடி குறி தவறியது என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது. தோட்டத்துக்குள் ஒற்றை யானை வந்துபோன காலைகளில் நாங்கள் சொல்வதும் “பிழைச்சோம்” என்ற ஒரே சொல்தான். பேயின் கை நம்மைப் பிழைத்தது, ஆகவே நாம் பிழைத்தோம். ‘பிழைதிகில்’, வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும்.

கொடைக்கானல் பேராசிரியர்:

அருமையான ஆராய்ச்சி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ‘பிழைதிகில்’ என்றால் ‘பிழையான திகில்’ என்றுதான் படிப்பார்கள். ‘பிழைப்புத் திகில்’ என்றாலோ வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலை ஆகிவிடும்.

தாண்டிக்குடி:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. இன்னொன்று, சொல்லுக்கு உதவாது, ஆனால் விட மனமில்லை. இந்த விளையாட்டுக்கு ஜப்பானில் பெயர் ‘ஜீரோ’ என்று படித்தேன். பூஜ்யத்துக்கான அந்த எழுத்தை ‘ரெய்’ என்றும் ஒலிக்கலாம், ஆவிக்கும் அதே ஒலி. நம்மிடம் ‘சூனியம்’ இருக்கிறதே! வெறுமையும் அதுதான், ஒருவருக்கு வைப்பதும் அதுதான்.

கொடைக்கானல் பேராசிரியர்:

சூனியம் வடசொல். ஆனால் பொருத்தம் வியப்பாகத்தான் இருக்கிறது.

பண்ணைக்காட்டு ஆசிரியை:

இடையில் வேறொரு சந்தேகம். கதையில் மியோ, மயூ என்று இரட்டைச் சகோதரிகள். சிவப்புப் பட்டாம்பூச்சியின் பின்னே மயூ காட்டுக்குள் போகிறாள், மியோ அவளைத் தேடிப்போய் இருவரும் மறைந்துபோன ஒரு கிராமத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மயூ காலை இழுத்து நடப்பவள். தானும் அக்காவும் என்று நினைத்துத்தான் விளையாடியதாக மாணவி எழுதியிருக்கிறாள். முதல் பாகம் தெரியாமலே இந்தக் கதை புரிந்ததாம். மயூவை ‘அக்கா’ என்று எழுதலாமா?

பெருமாள்மலை:

அங்கேதான் முடிச்சு, டீச்சர். மயூ முன்னால் பிறந்தவள். ஆனால் அந்தக் கிராமத்து வழக்கில் பின்னால் பிறந்தவள்தான் மூத்தவள். கிராமத்துச் சடங்கே அந்த மூத்தவள், இளையவள் கணக்கில்தான் நிற்கிறது. மேலே சொன்னால் விளையாடாதவர்களுக்குக் கெட்டுவிடும். பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

மன்னவனூர்:

நாளை வெள்ளி. செய்தித்தாளில் தினமும் வருகிற ‘உயிர் தப்பினார்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாமே? ‘உயிர்தப்பும் திகில் விளையாட்டு’. யாருக்கும் விளக்கம் வேண்டாம். தாண்டிக்குடி அண்ணன் சொன்ன ‘குறி தவறுதல்’ தப்புக்குள்ளும் இருக்கிறது.

தாண்டிக்குடி:

சரி. பிழையை விட்டுக்கொடுக்கிறேன்.

பண்ணைக்காட்டு ஆசிரியை:

இங்கே மாலையிலிருந்து மின்சாரம் இல்லை, கைப்பேசியிலும் கொஞ்சம்தான் மிச்சம். ‘உயிர்தப்பும் திகில்’ என்றே மலருக்குக் கொடுக்கிறேன். மாணவியும் சரி என்றாள். எல்லோருக்கும் நன்றி.

கொடைக்கானல் பேராசிரியர்:

என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதியுங்கள். இது விளக்கம், கலைச்சொல் அன்று. இதிலிருந்து இன்னொரு சொல்லைப் பிறப்பிக்க முடியாது. உய்வச்சத்திலிருந்து உய்வச்சக் கதை, உய்வச்சப் படம் எல்லாம் வரும்.

பெருமாள்மலை:

ஐயா, எனக்கும் மனம் ஒப்பவில்லை, காரணம்தான் வேறு. தப்புவது என்றால் ஓடிப்போவது என்று என் காதில் விழுகிறது. அந்தப் பெண் எழுதியது நின்று பார்ப்பதைப் பற்றி. மலர் போகட்டும். ஓடாமல், எதிரே வருவதைப் பார்த்தபடி நிற்பதற்குப் பழைய நூல்களில் ஒரு வினைச்சொல் இருக்குமா ஐயா? இருந்தால் அடுத்த ஆண்டு மலருக்காவது ஆகும்.