‘மேஜிக் அவர்’: சூரியன் போன பின் நிற்கும் வெளிச்சத்துக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்பதிவு மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எட்டாம் இயல் முழுக்க ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்தைப் பற்றியது. 1978இல் வந்தது, டெரன்ஸ் மாலிக் இயக்கம், நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ் ஒளிப்பதிவு. கதை டெக்சாஸில் நடக்கிறது, எடுத்ததோ கனடாவின் ஆல்பர்ட்டா கோதுமை வயல்களில். பக்கத்துக்குப் பக்கம் ‘மேஜிக் அவர்’ வருகிறது. ‘மாய நேரம்’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். “பேய்ப் படமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை, சொல் அவளை அங்கேதான் இட்டுச் சென்றிருக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

– செ., கோவை

*

தம்பி, புதிதாக ஆக்கவே வேண்டாம். சிறுபொழுது ஆறில் நெய்தலுக்கு உரியது எற்பாடு. எல் என்றால் கதிரவன், ஒளி. பாடு என்றால் படுதல், சாய்தல். தொல்காப்பியர் கையிலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

– பு., தஞ்சாவூர்

*

ஐயா, எற்பாடு என்பது வெயில் சாயும் பிற்பகல் என்றுதான் நாங்கள் படித்தோம். நூல் பேசுவது அதற்கும் பிந்திய நேரம். சூரியன் அடிவானத்தைத் தொடும் முன் பொன்னிறமாகச் சாய்ந்து விழும் வெயில் ஒன்று. அது காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. நிழல் நீளமாக விழும். சூரியன் மறைந்த பின் வானம் மட்டுமே விளக்காக நிற்பது இன்னொன்று. அதில் நிழலே கிடையாது, முகத்தின் எல்லாப் பக்கமும் மென்மையாக ஒளி படும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் ஒளிமானியைத் தவறான நேரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பார்.

‘நேரம்’, ‘மணி’ என்ற ஒட்டும் வேண்டாம். அது ஒரு மணி நேரமே அல்ல. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும்வரைதான் அந்த வெளிச்சம், அதற்குச் சென்னையில் 20 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். அட்சரேகை ஏற ஏற அது நீளும்.

– இ., பெங்களூரு

*

இ. சார் சொல்வதுதான் சரி. நான் உதவி ஒளிப்பதிவாளர். ஸ்பாட்டில் நாங்கள் ‘மேஜிக் லைட்’ என்போம். ஐந்தே முக்காலுக்கே டிராலி போட்டு, நடிகரை இடத்தில் நிறுத்தி, ஃபோகஸுக்கு டேப் பிடித்துக் காத்திருப்போம். சூரியன் இறங்கியதும் “லைட் போகுது, லைட் போகுது” என்ற குரல்தான் நாலு பக்கமும் கேட்கும். அந்த நேரத்தில் “எற்பாடு வந்துவிட்டது” என்று யாரும் கத்த முடியாது.

அல்மெண்ட்ரோஸ் என்ன செய்தார் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். ஒளி குறையக் குறைய லென்ஸைத் திறந்துகொண்டே போனார். அது போதாதபோது பகலொளிக்காகப் போட்டிருந்த ஆரஞ்சு ஃபில்டரைக் கழற்றினார். அதுவும் போதாதபோது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளி கிடைக்கும்படி விநாடிக்கு 24 ஃபிரேமை 12, 8 என்று குறைத்து, நடிகர்களை மெதுவாக அசையச் சொன்னார். திரையில் ஓட்டும்போது நடை இயல்பாகத் தெரியும். அப்போது அவருக்குக் கண்பார்வையே மங்கிக்கொண்டிருந்தது. உதவியாளர் எடுத்துக் கொடுத்த போலராய்டு படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் ஒளியைத் தீர்மானித்தார். இதைப் படித்த நாளிலிருந்து “லைட் போயிடுச்சு, பேக்கப்” என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

– வ., சென்னை

*

எங்கட ஊரில இதுக்குச் சொல் இருக்கு. ‘மம்மல்’. “மம்மல் பொழுதாச்சு, விளக்கை ஏத்து” எண்டு அம்மா சொல்லுவா. ஆள் தெரியும், முகம் தெரியாது, அந்த வெளிச்சம். உயிரோட இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் தேடுறீங்கள்?

– த., டொராண்டோ

*

அம்மா, மகிழ்ச்சி. மம்மல் என்றதும் எனக்குச் சங்கப் பாட்டின் ‘மம்மர் நெஞ்சம்’ நினைவுக்கு வந்தது. மம்மர் என்றால் மயக்கம், கலக்கம். மாலையை ‘மால்’ என்னும் மயக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ‘அந்தி மயங்குகிறது’ என்று இன்றும் சொல்கிறோம். ஒளியும் இருளும் மயங்குகின்றன, மனமும் மயங்குகிறது. ஆங்கிலத்தான் ‘மேஜிக்’ என்று வைத்ததும் இந்த மயக்கத்தைத்தானே?

இரவு முழுக்கத் தேடி ஒன்று கண்டேன். குறுந்தொகை 234, மிளைப்பெருங்கந்தன் பாட்டு: “சுடர்செல் வானம் சேப்ப”. சுடர் போய்விட்டது, வானம் சிவக்கிறது. அடுத்த அடியிலேயே ‘எல்லறு பொழுது’. எல் அறுகின்ற பொழுது. இதைவிட ஒளிப்பதிவாளனுக்கு என்ன வேண்டும்? எற்பாட்டை விட்டுவிடுகிறேன். எல்லறு பொழுதை விட மாட்டேன்.

– பு.

*

ஐயா, பாட்டைப் படித்ததும் சிலிர்த்தது. ஆனால் ‘எல்லறு’ என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளை ‘எல்லாரு’ என்று வாசிக்கும். ‘மம்மல்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே அகராதியைப் புரட்டாமல் எத்தனை பேருக்குப் புரியும்? ‘அந்தியொளி’ என்று வைக்கலாமா? சூரியன் இருக்கும்போது ‘பொன்னொளி’, போன பிறகு ‘அந்தியொளி’.

– செ.

*

அந்தி வடசொல். ‘சந்தியா’வின் திரிபு.

– ந., சேலம்

*

புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே “அந்தி அந்தணர்” இருக்கிறது. அவ்வளவு காலம் நம் வீட்டில் இருந்த சொல்லை இன்று வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை. ந. ஐயாவை மதிக்கிறேன், இதில் உடன்பட முடியாது.

தமிழ்ப் படத்திலிருந்தும் எடுத்துக்காட்டுத் தாருங்கள். பாலு மகேந்திரா கன்னடக் ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். இயற்கை ஒளியைப் பற்றிய நூலில் அவர் பெயர் இல்லாமல் போகக் கூடாது.

– இ.

*

பாலு மகேந்திராவுக்கு முன்னுரையில் இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

இன்று காலைவரை அந்தியொளிக்கு ஆறு பேர், மம்மலுக்கு இருவர், எல்லறு பொழுதுக்கு ஒருவர், ‘மேஜிக் லைட்’ அப்படியே இருக்கட்டும் என்று ஒருவர். அந்தியொளி என்று கொடுத்துவிட்டேன். முதல் முறை வருமிடத்தில் ‘படப்பிடிப்பில் மேஜிக் லைட் என்பார்கள்’ என ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குறுந்தொகை அடியை இயலின் தலைப்பில் வைத்திருக்கிறேன், ஐயா.

– செ.

*

நன்றி தம்பி. தலைப்பில் வைத்தது போதும், மனம் நிறைந்தது. ஆனாலும் ஒன்று. இந்த ஒளி விடியலிலும் உண்டென்று இ. எனக்குத் தனிமடலில் எழுதினார். ‘அந்தி சந்தி’ என்னும்போது அந்தி மாலையாயிற்றே. காலை நாலே முக்காலுக்குக் கேமராவோடு நிற்கும் பிள்ளை தன் குறிப்பேட்டில் என்ன எழுதும்?

– பு.

*

ஐயா, அதற்கு எங்களிடமும் சொல் இல்லை. காலையில் எடுத்தாலும் ‘மேஜிக்’ என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம்.

– வ.

*

எங்கட பக்கம் விடியப்புறம் எண்டுவம். ஆனா அது நேரம், வெளிச்சமில்லை. அம்மாவிட்டக் கேட்டு எழுதுறன்.

– த.