பப்மெட்டில் ஃப்ளோரோசிஸ் தேடல்: ஊர்ப் பெயரைச் சேர்த்தால் ஒன்றும் வரவில்லை, எடுத்தால் ஆயிரக்கணக்கில் வருகிறது

பென்னாகரம்_பிஜி

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிக் குழந்தைகளிடம் காணும் பல் ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லில் கறை விழும் நோய்) பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதுகிறேன். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுக்க பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினேன். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன்.

ஆய்வேட்டுத் தலைப்பை அப்படியே முழு வாக்கியமாகப் போட்டால் விரல் விட்டு எண்ணும் அளவுகூட வரவில்லை. "தர்மபுரி ஆண்ட் ஃப்ளோரோசிஸ் ஆர் ஃப்ளோரைட்" என்று போட்டால் பல்லாயிரம் வருகிறது, முதல் பக்கத்திலேயே பற்பசை ஆய்வுகள். "ஃப்ளூர்" வரை போட்டு நட்சத்திரக் குறி (அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடச் சொல்வது) வைத்து, கூடவே தமிழ்நாடு சேர்த்தால் புற்றுநோய் மருந்தும் சாயமும் வருகின்றன.

தேடல் வரியை ஆய்வேட்டில் அப்படியே காட்ட வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்டினேன்.)

நூலகத்_தூண்

மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

முதலாவது: வாக்கியமாகப் போட்டால் பப்மெட் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் "ஆண்ட்" போட்டுக்கொள்ளும். "இன்", "ஆஃப்" போன்ற சொற்களை விட்டுவிடும். ஆனால் "பிரிவலன்ஸ்", "டிஸ்ட்ரிக்ட்" எல்லாம் கட்டாயச் சொற்கள் ஆகிவிடும். சுருக்கத்தில் "டிஸ்ட்ரிக்ட்" என்று எழுதாத ஆய்வு அத்தனையும் வெளியே போகும். தேடலுக்கு இரண்டு அல்லது மூன்று கருத்துகள் போதும். உங்களுக்கு நோய் ஒன்று, இடம் ஒன்று. குழந்தைகள் என்பதைக்கூட இப்போதைக்குச் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது: அடைப்புக்குறி இல்லாவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். தர்மபுரியையும் ஃப்ளோரோசிஸையும் முதலில் சேர்த்துவிட்டு, அதோடு உலகத்து ஃப்ளோரைட் கட்டுரைகள் அத்தனையையும் கூட்டிவிட்டது. "ஆர்" போடும் சொற்களை அடைப்புக்குள் வையுங்கள்: தர்மபுரி ஆண்ட் (ஃப்ளோரோசிஸ் ஆர் ஃப்ளோரைட்). ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் இருந்தால் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

மூன்றாவது: "ஃப்ளூர்" என்று ஐந்தே எழுத்தில் வெட்டினால் ஃப்ளோரசென்ஸ், ஃப்ளோரோயுராசில் எல்லாம் வரத்தான் செய்யும். "ஃப்ளோரோஸ்" வரை நீட்டினாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், ஃப்ளோரோஸ்கோப்பி உள்ளே வந்துவிடும். எக்ஸ்ரே கட்டுரைகளாகக் குவியும். ஃப்ளோரோசிஸ் என்பதை முழுச் சொல்லாகவே போடுங்கள். ஃப்ளோரைட் என்பதில் மட்டும் கடைசி "ஈ"யை விட்டுவிட்டு நட்சத்திரம் வைத்தால் ஃப்ளோரைட்ஸ், ஃப்ளோரிடேஷன் வரை பிடிக்கும். நட்சத்திரம் வைத்த சொல்லுக்குப் பப்மெட் தானாகச் செய்யும் சொல் பொருத்தம் வேலை செய்யாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எதைப் போட்டாலும் "அட்வான்ஸ்டு" பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றுப் பட்டியலில் அந்த வரியின் "டீடெயில்ஸ்" அம்புக்குறியைத் திறந்து பாருங்கள். நீங்கள் தட்டியது வேறு, பப்மெட் புரிந்துகொண்டது வேறு. அந்த வித்தியாசம் அங்கே அப்பட்டமாகத் தெரியும். பாதிப் பேர் இதைத் திறப்பதே இல்லை.

நோய்க்கான வரி இப்படி இருக்கட்டும்:

"ஃப்ளோரோசிஸ், டென்டல்"[மெஷ்] ஆர் ஃப்ளோரோசிஸ்[டிஐஏபி] ஆர் ஃப்ளோரைட்*[டிஐஏபி] ஆர் "மாட்டில்ட் எனாமல்"[டிஐஏபி]

சதுர அடைப்புக்குள் இருப்பது புலக் குறி, எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று சொல்வது. மெஷ் என்பது கட்டுரைகளுக்கு இடும் நிலையான பொருள் தலைப்பு. டிஐஏபி என்றால் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர் தரும் குறிச்சொற்களிலும் மட்டும் தேடு என்று பொருள். "மாட்டில்ட் எனாமல்" எதற்கு என்றால், பழைய கட்டுரைகளில் நோயின் பெயரே அதுதான். மெஷ் மட்டும் போட்டால் போதாது. புதிதாக வந்து இன்னும் தலைப்பிடப்படாத கட்டுரையும், மெட்லைனில் (மெஷ் தலைப்பு இடப்படும் இதழ்களின் தொகுப்பு) சேராத இதழின் கட்டுரையும் கிடைக்காது. மெஷ்ஷும் சொல்லும் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

காவேரிப்பட்டணத்தான்

மேலே சொன்னது நோய்க்குச் சரி. இந்தத் தலைப்பில் நிஜமான சிக்கல் இடம்தான். மாவட்டத்துக்கு மெஷ் தலைப்பு கிடையாது, சொல்லாகத்தான் தேட வேண்டும். அந்தச் சொல்லோ காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அதற்கு முன் ஊத்தங்கரையில் எடுத்த தண்ணீர் மாதிரி "தர்மபுரி மாவட்டம்" என்றுதான் பதிவாகியிருக்கும். தர்மபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. அதற்கும் முந்தையது என்றால் சேலம். மாநிலப் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14, அதற்கு முன் மெட்ராஸ். கிருஷ்ணகிரி என்று மட்டும் தேடினால் 2004க்கு முந்தைய வேலை பெரும்பாலும் கண்ணில் படாது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தர்மபுரியில் "எம்"முக்குப் பின்னால் வரும் "ஏ" முன்னால் போய் "தரம்புரி" ஆவதும் உண்டு, முதல் "ஹெச்" விழுவதும் உண்டு. தமிழ்நாடு ஒரே சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் வரும். பாலக்கோடு, பென்னாகரம், ஒகேனக்கல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வடிவம் போடுங்கள். அரூர் ஆங்கிலத்தில் "ஹெச்"சில் தொடங்கும், மறந்துவிடாதீர்கள். தாலுகா பெயர்களையும் சேருங்கள்: பாப்பிரெட்டிப்பட்டி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பர்கூர், போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, ஓசூர்.

இன்னொரு வில்லங்கம். புலக் குறி இல்லாமல் "தர்மபுரி" என்று போட்டால் ஆசிரியரின் பணியிட முகவரியும் சேர்ந்து வரும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எழுதிய பாம்புக்கடி, பிரசவக் கட்டுரை எல்லாம் உங்கள் பட்டியலில் ஏறும். ஆசிரியர் பெயரில் ஊர்ப் பெயர் இருந்தால் அதுவும் ஏறும். டிஐஏபி போட்டால் இரண்டும் போகும். போகாதது ஒன்று: தெலங்கானாவில் ஜக்தியால் மாவட்டத்தில் கோதாவரிக் கரையிலும் ஒரு தர்மபுரி இருக்கிறது, வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. இவற்றை "நாட்" போட்டு விலக்காதீர்கள். நம் ஊரையும் தெலங்கானாவையும் ஒப்பிட்ட கட்டுரை இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கையால் தள்ளிவிடுங்கள், சிலதுதான் இருக்கும்.

கல்பாறை_நீர்

நிலத்தடி நீர்க்காரர்கள் மாவட்டப் பெயரே எழுதாமல் கட்டுரை போடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அவர்களுக்கு எல்லை ஆற்றுப் படுகைதான். பொன்னையாறு, தென்பெண்ணை, சவுத் பென்னார் மூன்றும் ஒரே ஆறு, மூன்றையும் போடுங்கள். சின்னாறு, வாணியாறு துணைப்படுகைகளையும் சேருங்கள். "ஹார்ட் ராக் அக்விஃபர்" (கடினப் பாறையில் நிலத்தடி நீர் தங்கும் அடுக்கு) என்ற சொல்லும் பயன்படும். நம் பக்கம் நைஸ், சார்னோகைட் பாறைகள். அவற்றிலுள்ள ஹார்ன்பிளெண்ட், பயோடைட், அபடைட் கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் இறங்குகிறது என்பதால், கட்டுரைத் தலைப்பு பல்லைப் பற்றியே இருக்காது, "நீர் வேதியியல்" என்று இருக்கும். உங்கள் ஆய்வேட்டின் பின்னணி அத்தியாயத்துக்கு இவை வேண்டும். அதனால் இதைத் தனித் தேடலாக ஓட்டுங்கள், பல் தேடலோடு கலக்காதீர்கள்.

அளவுகளை ஒப்பிடும்போது ஒன்று: இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. எந்த வரம்பை வைத்து "அதிகம்" என்கிறார்கள் என்பது கட்டுரைக்குக் கட்டுரை மாறும். சுருக்கத்தில் இருக்காது, உள்ளே போய்ப் பாருங்கள்.

பென்னாகரம்_பிஜி

எல்லோருக்கும் நன்றிங்க. இட வரியை எழுதி, வரலாற்றுப் பட்டியலில் உள்ள வரி எண்களை வைத்து #1 ஆண்ட் #2 என்று சேர்த்ததில் ஒழுங்கான பட்டியல் வருகிறது. இரண்டு சந்தேகம். "ஹை ஃப்ளோரைட் வில்லேஜஸ்" என்று இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன், சொற்றொடர் கிடைக்கவில்லை என்று மஞ்சள் பட்டையில் செய்தி வந்தது, ஆனாலும் முடிவுகள் காட்டுகிறது. அதை நம்பலாமா? இரண்டாவது, பக்கவாட்டில் குழந்தைகள், மனிதர்கள் என்ற வடிகட்டிகளைப் போடலாமா?

நூலகத்_தூண்

நம்பக் கூடாது மேடம். பப்மெட் கட்டுரைகளுக்குள் நேராகச் சொற்றொடரைத் தேடுவதில்லை, ஒரு சொற்றொடர் அட்டவணையில் தேடுகிறது. அட்டவணையில் இல்லாவிட்டால் மேற்கோளை உதறிவிட்டு, தனித்தனிச் சொற்களாகத் தேடிவிடும். நீங்கள் பார்ப்பது அந்த முடிவு. இதற்கு 2022 நவம்பரில் அருகமைத் தேடல் வந்தது. மேற்கோளுக்குள் "ஃப்ளோரைட் வில்லேஜஸ்" என்று எழுதி, பின்னால் சதுர அடைப்பில் டிஐஏபி, முக்காற்புள்ளி, அலைக்குறி, 5 என்று போடுங்கள். இரண்டு சொல்லுக்கும் இடையில் 5 சொற்கள் வரை இருக்கலாம், எது முன்னால் வந்தாலும் சரி. இதற்குள் நட்சத்திரம் வேலை செய்யாது, ஆகவே ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வரி எழுதி "ஆர்" போட வேண்டும்.

வடிகட்டி வேண்டாம். மனிதர்கள், வயது வடிகட்டிகள் மெஷ்ஷை நம்பி ஓடுகின்றன. தலைப்பிடப்படாத புதுக் கட்டுரையெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பட்டியல் பெரிதாக இருந்தால் "சைல்ட்", "ஸ்கூல்" சொற்களை நட்சத்திரத்தோடு மூன்றாவது வரியாகச் சேருங்கள். "நாட் ராட்ஸ்" போட்டு எலி ஆய்வுகளை நீக்குவதும் வேண்டாம்.

வரலாற்றுப் பட்டியல் 8 மணி நேரம் தொடாமல் விட்டால் அழிந்துவிடும். என்சிபிஐ (பப்மெட்டை நடத்தும் அமைப்பு) கணக்கில் சேமித்துக்கொள்ளுங்கள், புதுக் கட்டுரை வந்தால் மின்னஞ்சலும் வரும்.

ஓசூர்_தேடல்

பப்மெட்டோடு நிறுத்தினால் இந்தத் தலைப்பில் ஓட்டை விழும். "ஃப்ளோரைடு" என்ற பெயரிலேயே தனி ஆய்விதழ் இருக்கிறது, அது மெட்லைனில் இல்லை. கல்லூரியில் ஸ்கோபஸ் (சந்தா கட்டிப் பயன்படுத்தும் கட்டுரைத் தரவுதளம்) கிடைத்தால் அங்கேயும் ஓட்டுங்கள். ஆனால் பப்மெட் வரியை அப்படியே ஒட்டாதீர்கள். புலக் குறிகள் வேறு. ஸ்கோபஸ் "ஆர்" பகுதிகளை முதலில் சேர்த்துப் பிறகு "ஆண்ட்" பார்க்கும், அதே போன்ற வெப் ஆஃப் சயின்ஸ் தளம் நேர்மாறாக "ஆண்ட்"டை முதலில் பார்க்கும். அடைப்புக்குறி முழுமையாகப் போட்டிருந்தால் எங்கும் பொருள் மாறாது. வேர்டு கோப்பிலிருந்து ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்து போய், சில தளங்களில் தேடலே உடையும். நோட்பேடில் வைத்து எடுங்கள்.

கூகுள் ஸ்காலர் எவ்வளவு எண்ணிக்கை காட்டினாலும் 1000 முடிவுகளுக்கு மேல் திறக்காது, நட்சத்திர வெட்டும் கிடையாது. முதன்மைத் தேடலாக வைக்காமல், கிடைத்த நல்ல கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பின்தொடரப் பயன்படுத்துங்கள். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. அங்கே எளிய சொற்களைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், நீண்ட வரி சரிப்படாது. டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் பல் மருத்துவ ஆய்வேடுகள் இருக்கும்.

முழுக்கட்டுரைக்கு, உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் (ஆய்விதழ்களுக்கான அரசுச் சந்தா) வழியாக நூலகரிடம் கேளுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்

ஆண்டு வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. "திட்டத்துக்கு முன், பின்" என்று பிரிக்கப் பலரும் 2013ஐ வெளியீட்டு ஆண்டாகப் போட்டு வெட்டுகிறார்கள். 2015இல் வந்த கட்டுரையின் மாதிரி 2011இல் எடுத்ததாக இருக்கலாம். ஆண்டு வெட்டாமல் எல்லாவற்றையும் இறக்கி, மாதிரி எடுத்த ஆண்டு என்று அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசை போட்டு நிரப்புங்கள். பல் ஃப்ளோரோசிஸ் என்பது பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் விளைவு, அதனால் குழந்தையின் பிறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும்.

பென்னாகரம்_பிஜி

கடைசியாக ஒன்று. வரி சரியாக இருக்கிறதா, எதையாவது விட்டுவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது? ஆய்வேட்டில் என்ன எழுத வேண்டும்?

நூலகத்_தூண்

வேறு வழியில் உங்களுக்குக் கிடைத்த, கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டிய ஆறேழு கட்டுரைகளின் பிஎம்ஐடி எண்களை (பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் அடையாள எண்) எடுங்கள். அவற்றை "ஆர்" போட்டு ஒரு வரியாக ஓட்டுங்கள், அது #4 என்று வையுங்கள். உங்கள் இறுதித் தேடல் #3 என்றால் "#4 நாட் #3" போடுங்கள். பூஜ்யம் வந்தால் நல்லது. ஏதாவது வந்தால் அதுதான் உங்கள் வரி தவறவிட்டது. அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, அதில் இருந்து உங்கள் வரியில் இல்லாத சொல்லைச் சேருங்கள். உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் ஓர் ஊர்ப் பெயராகத்தான் இருக்கும்.

எழுத வேண்டியது: தரவுதளத்தின் பெயர், எந்தத் தளம் வழியாகத் தேடினீர்கள், தேடிய தேதி, வரி வரியாக முழுத் தேடல், ஒவ்வொரு வரிக்கும் வந்த எண்ணிக்கை, போட்ட வரம்புகள், இரட்டைப் பதிவுகளை நீக்கிய முறை. தேடலை எப்படி எழுதிக் காட்டுவது என்று சொல்லும், 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் பட்டியல் கேட்பதும் ஏறக்குறைய இவைதான். வரிகளைத் திரும்பத் தட்டாதீர்கள், வரலாற்றுப் பக்கத்திலிருந்து நகலெடுத்து பின்னிணைப்பில் ஒட்டுங்கள். தட்டச்சில் ஓர் அடைப்புக்குறி விழுந்தால், தேர்வாளர் ஓட்டிப் பார்க்கும்போது வேறு எண்ணிக்கை வரும்.

சோடெரோவுக்கு (மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருள்) இறக்குவதாக இருந்தால் "சென்ட் டு" பட்டியலில் மேற்கோள் மேலாளர் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கோபஸ் கோப்பையும் ஏற்றிய பிறகு இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இணையுங்கள். இரண்டு தளத்திலும் தலைப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சில இரட்டைகள் தப்பிவிடும், ஆசிரியர் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள்.