போயிலைக் குடிலும் தூசுக்குள்ள இருக்கிற கருந்துளையும்: அனுபவப் பகிர்வு

போன தை மாசம் காரைநகர் கசூரினாவில எட்டு இஞ்சித் தொலைநோக்கியோட நிண்டனாங்கள். இரவு ஏழரை இருக்கும், திமிங்கில மண்டலம் தலைக்கு நேர மேல, அதுக்குள்ள எம் 77 எண்ட விண்மீன் பேரடையைத் தேடிப் பிடிக்கவே அரை மணித்தியாலம் போட்டுது. 1780இல பியேர் மெஷேன் கண்டுபிடிச்சது. பாத்தா ஒரு மங்கல் புகார், நடுவில துலக்கமா ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஏறக்குறைய 4 கோடி 70 லட்சம் ஒளியாண்டு தூரம், அதின்ர நடுவில ஒரு பெரிய கருந்துளை தூசுக்குப் பின்னால இருக்கு எண்டு நினைக்க எனக்கு மேல் சிலிர்த்துப் போட்டுது.

மருமகள் கேட்டாள், "தூசு மறைச்சா உள்ள இருக்கிறது எப்பிடி மாமா தெரியும்?"

எனக்கு உடன அப்பு போயிலைக்குப் புகை போடுற குடில்தான் ஞாபகம் வந்தது. பொச்சுமட்டையைப் பத்தவச்சு அடைச்சு விட்டிடுவார், வெளியில நிண்டா ஒரு பொட்டு நெருப்புத் தெரியாது, ஆனா மண்சுவரில கை வச்சா சுடும், கிட்டப் போனாலே முகத்தில சூடு அடிக்கும். அங்கயும் அதுதான், கருந்துளைக்குள்ள விழப்போற வாயு கொதிச்சு விடுற கழியூதா (புற ஊதா) வெளிச்சத்தைத் தூசு உறிஞ்சித் தான் சூடாகி அந்தச் சூட்டைச் செங்கீழ்க் கதிரா, அகச்சிவப்பு எண்டுறமே அதா, வெளியில விடுது. 1500 கெல்வினைத் தாண்டினா தூசே ஆவியாப் போடும், அதால நடுவுக்கு மிச்சம் கிட்டத் தூசு நிக்கேலாது.

சிலியில பரனால் மலையில 8.2 மீற்றர்த் தொலைநோக்கி நாலையும் சேத்து, மாட்டீஸ் எண்ட கருவியால எடுத்த எம் 77இன்ர படம் 2022இல வந்தது. எந்த இடத்தில தூசு எவ்வளவு சூடு எண்டு அதில பிரிச்சுப் பாக்கலாம், கருந்துளை தடிச்ச தூசு வளையத்துக்குள்ள மறைஞ்சிருக்கிறதும் அதாலதான் தெளிவாச்சுது. ஈரக்காத்து செங்கீழ்க் கதிரை மறிச்சுப் போடும், அதுக்குத்தான் அந்தக் காய்ஞ்ச பாலைவன மலை.

— கோப்பாயில இருந்து

அண்ணை, குடில் கதை எனக்கும் நல்லாத் தெரியும், எங்கட வளவிலயும் இருந்தது. ஆனா ஒண்டை விட்டிட்டியள். இரவில குடிலுக்கு மேலால போற புகையைப் பாத்திருப்பியள்தானே, உள்ள நெருப்புத் தெரியாட்டியும் அந்தப் புகை லேசாச் சிவந்து கிடக்கும். 1985இல அன்ரனூச்சி, மில்லர் எண்ட ரெண்டு வானியலாளர் எம் 77இல செய்தது அதேதான், மேல தெறிச்சு வந்த வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்து உள்ள ஒளிஞ்சிருந்த நடுப்பகுதியைக் கண்டுபிடிச்சவை. நான் கம்பஸில படிக்கேக்க இதை வாசிச்சுப் போட்டு அண்டைக்கு நித்திரையே கொள்ளேல்ல.

இன்னொண்டு, தூசு எண்டா உழுந்து வடை மாதிரி வளையமா மட்டும் இருக்கும் எண்டு முந்திப் படம் கீறுவினம். கவராய மண்டலத்தில இருக்கிற விண்மீன் பேரடையைச் செங்கீழ்க் கதிரில பாத்தா, கனக்கத் தூசு வளையத்துக்குச் செங்குத்தா மேலயும் கீழயும் நீண்டு கிடக்கு. உள்ளுக்க இருக்கிற வெளிச்சமே தூசைத் தள்ளுது எண்டுதான் கனபேர் விளக்கம் சொல்லுறவை. கூரையால புகை போறது மாதிரி.

— சுன்னாகத்தில இருந்து

தம்பி, அந்தச் சிவந்த புகையை நான் எத்தினை தரம் பாத்தனான், இதோட சேத்து யோசிக்கவே இல்ல. நாளைக்கே மருமகளுக்குச் சொல்லுறன். கவராய மண்டலம் வைகாசியில இரவு பத்தரை போல தெற்கால 15 பாகைக்குத்தான் ஏறும், பேரடை எங்கட தொலைநோக்கியில பிடிபடாது, பால்வீதித் தூசு குறுக்க நிக்குது. ஆனாலும் திசையைக் காட்டோணும், கொம்பாஸ் பெட்டிக்குள்ள இருக்கிற அதே கவராயம் வானத்திலயும் இருக்கு எண்டு. நெடுந்தீவுத் தெற்குக் கரைக்குப் போவமே, நீயும் வாறியே?