ஓவர் ஸ்பீடு சலான்: இடம் "கடலூர் ரோடு" என்று மட்டும் இருக்கிறது. கட்டிவிடலாமா, மறுக்கலாமா?

கெடிலக்கரை எழுதியது:

டிஎன்-31 கார், ஆர்சி என் பெயரில். அன்றைக்கு ஓட்டியது மச்சான். நேற்று எஸ்எம்எஸ் வந்தது: வேக வரம்பு மீறல், 1,000 ரூபாய். சலானில் இருக்கும் தேதியிலிருந்து 23 நாள் ஆகிவிட்டது. இடம் "கடலூர் ரோடு" என்று மட்டும் போட்டிருக்கிறது. 15 நாளுக்குள் வராவிட்டால் செல்லாது என்கிறார்கள், உண்மையா? மறுப்பதென்றால் எங்கே போக வேண்டும்? கட்டுவதென்றால் ஓட்டியவர் லைசென்ஸில் ஏறுமா, என் பெயரிலா?

முள்ளோடை எல்லை எழுதியது:

முதலில் அந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் லிங்கைத் தொடாதீர்கள். சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலி நிறுவும் கோப்பு) அனுப்பி, போனையே கைப்பற்றும் மோசடி ஊர் முழுக்க நடக்கிறது. அரசு எந்தக் காலத்திலும் ஏபிகே அனுப்பாது. பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே டைப் செய்து போங்கள். முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிய வேண்டும். வண்டி எண்ணும், சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கமும் கொடுத்தால் போதும். அங்கே இல்லாத சலான் சலானே இல்லை.

அடுத்து, யார் போட்டது என்று பாருங்கள். புதுச்சேரிக்காரருக்குக் "கடலூர் ரோடு" என்றால் முதலியார்பேட்டையிலிருந்து தெற்கே போகிற சாலை. கடலூர்க்காரருக்கு அதுவே புதுச்சேரி ரோடு. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் மறுபடி கடலூர் மாவட்டம். பத்து நிமிடத்தில் இரண்டு அரசின் எல்லையைக் கடந்து வரும் சாலை இது. சலான் எண்ணின் முதல் இரண்டு எழுத்து பிஒய்யா (புதுச்சேரி), டிஎன்னா (தமிழ்நாடு) என்று பார்த்தால் தெரிந்துவிடும். மறுப்பு, நீதிமன்றம் எல்லாம் அந்தப் பக்கம்தான். உங்கள் வண்டி டிஎன் என்பதற்காக மட்டும் கேஸ் கடலூருக்கு வந்துவிடாது.

பிராக்கெட் இல்லாத பல்பு எழுதியது:

15 நாள் தாண்டினால் கேன்சல். கட்டாதீங்க, அப்படியே விடுங்க.

பிரிவு 183 எழுதியது:

மேலே சொன்ன யோசனையை நம்பி விட்டுவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. கேமரா, ஸ்பீடு கன் போன்ற கருவியால் பிடித்தால் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. கெடு அனுப்புவதற்கு; நீங்கள் பார்ப்பதற்கு அல்ல. ஆர்சியில் பழைய மொபைல் எண் இருந்தால் முதல் எஸ்எம்எஸ் அங்கே போயிருக்கும், நேற்று வந்தது நினைவூட்டலாக இருக்கலாம். தளத்தில் சலான் போட்ட தேதியைப் பாருங்கள். அதுவே 15 நாள் தாண்டியிருந்தால் மறுப்பில் எழுதத் தகுந்த காரணம்தான். ஆனால் அதற்காகத் தானாக எதுவும் ரத்தாகாது; நீங்கள் எழுதினால்தான் யாராவது பார்ப்பார்கள்.

தேதியை விட முக்கியம், மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பது. 183 என்றால் வேகம் மட்டும்: இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000. 184 என்று போட்டிருந்தால் அபாயகரமாக ஓட்டியது. அதில் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம், 6 மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. 184 இருந்தால் ஆன்லைனில் தட்டிவிட்டு வருகிற விஷயமில்லை, வக்கீலைப் பாருங்கள்.

விதி 167ஏ கேட்கிற மற்றவை: குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கிற ஒப்புதல் சான்றும் வேண்டும், கருவி இருக்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். படமே இல்லாமல், "வேகமாகப் போனதைப் பார்த்தேன்" என்று ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. 183(3) அதைத்தான் சொல்கிறது. கருவி அளந்த வேகம் இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

கெடிலக்கரை எழுதியது:

பார்த்துவிட்டேன். பிஒய் சலான், பிரிவு 183. சம்பவம் நடந்த 4-ம் நாளே போட்டிருக்கிறார்கள். ஆர்சியில் இருப்பது பழைய எண், அதுதான் காரணம். படத்தில் எங்கள் காரும் பக்கத்தில் ஒரு பைக்கும். வேகம் 68, வரம்பு 50. மச்சான் 60 தாண்டவே இல்லை என்று சாதிக்கிறார்.

லேசர்க் கண் எழுதியது:

மச்சான் பேச்சை நம்பி வழக்காட வேண்டாம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது வண்டித் தயாரிப்பு விதி. அதனால் கம்பெனி டயரில் முள் 60 காட்டினால் உண்மை வேகம் அதற்கும் கீழேதான். பெரிய டயர் மாற்றியிருந்தால் மட்டும் கதை தலைகீழ்: சுற்றளவு 3 சதவீதம் கூடினால் உண்மை வேகமும் அதே அளவு கூடும், முள்ளுக்குத் தெரியாது. அதை வைத்தும் 60-லிருந்து 68 வராது; கருவி சரியென்றால் முள் 60-ஐத் தாண்டித்தான் இருந்திருக்கும்.

சாய்வான கோணத்தில் அளந்தார்கள் என்ற வாதமும் உங்களுக்கு எதிரானது. நின்ற இடத்திலிருந்து அளக்கிற கருவி, சாலையோரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி சாய்வில், 70-ல் போகிற வண்டி சுமார் 66 என்று பதிவாகும்.

உங்கள் படத்தில் கேட்க வேண்டியது பைக்கைப் பற்றி மட்டும். லேசர் கன் என்றால் கற்றை மெல்லியது, 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். குறி எந்த வண்டி மேல் இருந்தது என்று படத்திலேயே சிலுவைக் குறியோ கட்டமோ இருக்கும். அது பைக் மேல் இருந்தால் மறுங்கள். ரேடார் என்றால் கற்றை விரிந்து போகும், இரண்டு வண்டி சேர்ந்திருக்கும்போது யாருடைய வேகம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. குறி கார் மேல்தான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முள்ளோடை எல்லை எழுதியது:

இன்னொன்றும் பாருங்கள்: படத்தில் இருப்பது உங்கள் கார்தானா? 8-ஐ 3 என்றும் 1-ஐ 7 என்றும் கேமரா வாசிப்பது உண்டு. அதே எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகளும் உண்டு. நிறம், ஸ்டிக்கர், வீல் கப் எதுவாவது வேறாக இருந்தால் உங்கள் வண்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள். அன்றைய ஃபாஸ்டேக் கணக்கையும் எடுங்கள். அந்த நேரத்தில் திண்டிவனம் சாலையில் இருக்கும் மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் பணம் கழிந்திருந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். போலி எண் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்கி, அதையும் சேர்த்து இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் ஏற்றுங்கள்.

பிரிவு 183 எழுதியது:

ஓட்டியவர் விஷயம். பிரிவு 133-ன்படி, கேட்டால் ஓட்டியவர் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தைத் தர வேண்டியது உரிமையாளரின் கடமை. அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சமரசக் கட்டணம் (நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதம்) கட்டி முடித்தாலும் அது முந்தைய குற்றமாகக் கணக்கில் நிற்கும் என்று பிரிவு 200 சொல்கிறது. 183-ல் இரண்டாவது தடவை என்றால் 206(4)-ன்படி லைசென்ஸையே எடுத்துக்கொள்வார்கள். மச்சான் ஓட்டியதை உங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டால், அடுத்த தடவை நீங்கள் தெரியாமல் 60-ல் போனதும் இரண்டாவதாகிவிடும். கட்டுவதற்கு முன்பே சலானைப் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு அவர் லைசென்ஸ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் சங்கடம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

மறுத்து, அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றம். பிஒய் சலான் என்பதால் புதுச்சேரி நீதிமன்ற வளாகம். அதுவும் கடலூர் ரோட்டில்தான் இருக்கிறது. 1,000 ரூபாய்க்கு இரண்டு மூன்று வாய்தா, வக்கீல் கட்டணம். படம் சுத்தமாக இருந்தால் எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது.

கட்டும்போது: ஓடிபி வரும் எண்ணைக் கவனியுங்கள். பணம் கழிந்தும் சலான் "நிலுவை" என்றே காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்க அதே தளத்தில் வசதி இருக்கிறது. வங்கிக் குறிப்பு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஓரிரு நாள் பொறுங்கள். ரசீதை பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று கேட்கும்போது பரிவாகனில் இடிக்கும். பிஒய்யிலிருந்து டிஎன்னுக்கு வண்டி மாற்றுகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

லேசர்க் கண் எழுதியது:

ஆர்சியில் மொபைல் எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள். பரிவாகனில் வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண் மூன்றும் கேட்கும். ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.